உப பக்கவாத்தியத்துக்கு ஒரு பத்திரிகை

தம்பி, உங்க கால்கிட்ட ஏதோ விழுந்துருச்சு பாருங்க. ஆமா, அதுதான். எடுத்துக் குடுங்க. சாவி இல்ல தம்பி. பாட்டில் மூடி திறக்குறதும் இல்ல. போன மாசம் ஒரு கண்டக்டர் இதப் பூட்டு உடைக்கிற சாமான்னு நெனச்சு, இதையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. மோர்சிங். வாத்தியம். முன்பல்லுல இப்படிப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கம்பிய விரலால சுண்டணும். இப்ப வாசிச்சுக் காட்ட மாட்டேன். இந்த பஸ் குலுக்குற குலுக்கல்ல பல்லு கையோட வந்துரும்.

இன்னிக்கு வாசிக்கப் போகலை. சும்மா பையில கெடக்கும், பழக்கம். புதுக்கோட்டைக்கு ஒரு கச்சேரி கேக்கப் போறேன். நீங்களும் புதுக்கோட்டைதானா? நல்லதாப் போச்சு. நான் அதிகம் பேசுற ஆளு இல்ல, பயப்படாதீங்க. வாத்தியமே அப்படி. வாசிக்கிறப்ப வாயத் திறந்து பேச முடியாது. அதுக்காகவேதான் சின்ன வயசுல அப்பா இத வாங்கிக் குடுத்தாருன்னு என் தங்கச்சி சொல்லிக்கிட்டுத் திரியுறா. பொறாமை.

கர்நாடகக் கச்சேரி பாத்திருக்கீங்களா? நடுவுல பாடுறவர். ஒரு பக்கம் வயலின், ஒரு பக்கம் மிருதங்கம். இவங்க பக்கவாத்தியம். மிருதங்கக்காரர் தோளுக்குப் பின்னால கடம், கஞ்சிரா, நான். நாங்க உப பக்கவாத்தியம். உப! அந்த ரெண்டு எழுத்த எவன் கண்டுபிடிச்சானோ தெரியல. துணைத் தாசில்தார்னாக்கூட ஒரு ஜீப்பு குடுக்குறான். எங்களுக்கு மைக்கே பாதி நேரம் குடுக்குறதில்ல. எங்களுக்கும் ஓரத்துல, சில கச்சேரியில, கொன்னக்கோல்னு ஒண்ணு உண்டு. தகதிமி தகஜுனுன்னு தாளச்சொல்ல வாயாலேயே சொல்லுவாங்க. அது கெடக்கட்டும், அப்புறம் வருது.

முப்பது வருஷமா வாசிக்கிறேன் தம்பி. மணச்சநல்லூர் தியாகேசன்னா மேடையில எல்லாருக்கும் தெரியும். மேடையில. கீழ ஒருத்தருக்கும் தெரியாது. திருச்சியில நாகசுந்தரம்னு பெரிய மிருதங்க வித்வான், அவருகூடத்தான் நான் நெறைய வாசிச்சது. பேப்பர்ல ஃபோட்டோ வந்தா அவரு முகம் முழு நிலா மாதிரி இருக்கும். அவரு தோளுக்கு மேல ஒரு முழங்கை தெரியும். அது நான். என் வீட்டுக்காரி அந்த முழங்கைகளையெல்லாம் வெட்டி ஒட்டி வச்சிருக்கா.

எழுத்துல வர்றது அதவிட மோசம். பாட்டப் பத்தி ஒரு பத்தி, வயலினுக்கு நாலு வரி, மிருதங்கத்துக்கு அஞ்சு வரி, கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் வெறும் பேரு, கடைசியில 'மற்றும் பலர்'. மேடையில இருந்ததே ஆறு பேரு தம்பி! அஞ்சு பேரு பேரப் போட்டுட்டு 'மற்றும் பலர்'னா அந்தப் பலர் யாரு? நான். ஒருத்தனே பலர்!

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். நான் எப்படி வாசிச்சேன்னு யாராவது நெசமாவே காது குடுத்துக் கேட்டு, அத நாலு வரி அச்சுல எழுதணும். சாகுறதுக்குள்ள அத நான் படிக்கணும். இது பேராசையா, சொல்லுங்க?

அதுக்குத்தான் பத்திரிகை. உப பக்கவாத்தியத்துக்குன்னே ஒரு பத்திரிகை. யோசனை என்னோடது. கஞ்சிரா அம்பலவாணன் அண்ணனும் கடம் சபேசனும் ஆளுக்கு ஆளு தன்னோட யோசனைன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க.

முதல் கூட்டம் உறையூர்ல அம்பலவாணண்ணன் வீட்டு மாடியில. மூணு பேரும் பாய் விரிச்சு உக்காந்தோம். உக்காந்தோமா, உக்காந்தே இருந்தோம். காபி வந்துச்சு, குடிச்சோம். முறுக்கு வந்துச்சு, தின்னோம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ஏன்னு எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. எங்க தொழில்ல நாங்க எதையுமே ஆரம்பிச்சதில்ல தம்பி. பாடுறவர் ஆரம்பிக்கணும், மிருதங்கம் எடுக்கணும், அவரு கண்ணக் காட்டணும், அப்பத்தான் நாங்க. மாடியில கண்ணக் காட்ட யாரு இருக்கா? கடைசியில அம்பலவாணண்ணன் வீட்டம்மா டம்ளர் எடுக்க வந்துட்டு, "என்னங்க, பரீட்சை எழுத வந்த புள்ளைங்களாட்டம் உக்காந்திருக்கீங்க, பேச ஆரம்பிங்க"ன்னாங்க. மூணு பேரும் ஒண்ணா ஆரம்பிச்சோம். மூணு பேரும் ஒண்ணா நிறுத்தினோம். தாளம் மட்டும் சுத்தமா இருந்துச்சு.

முதல் தீர்மானம்: மிருதங்கம்ங்கிற சொல்லே பத்திரிகைக்குள்ள வரக்கூடாது. வேற வழியே இல்லன்னா 'அந்த வாத்தியம்'னு போடுறது. கையத் தட்டினோம்.

அடுத்தது பேரு. அம்பலவாணண்ணன் 'உடும்பு'ன்னு வைக்கணும்னாரு. கஞ்சிரா அந்தக் காலத்துல உடும்புத் தோல்ல கட்டுறது. "அண்ணே, வனத்துறைக்காரன்தான் முதல் சந்தா கட்டுவான்"னு சொன்னேன். சபேசன் 'பானை'ன்னான். சமையல் பத்திரிகைன்னு வாங்கிட்டுப் போயிருவாங்கன்னோம். நான் பொதுவா, எந்த வாத்தியத்தையும் சேராத மாதிரி, அழகா ஒரு பேரு சொன்னேன். 'நா'. ஒரே எழுத்து. 'நா'ன்னா நாக்கு தம்பி, பேச்சுக்கும் அதுதான், மோர்சிங்குக்கும் அதுதான். பேப்பர்ல எழுதிக் காட்டினேன். சபேசன் அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அண்ணே, கடைசியில ஒரு 'ன்' விட்டுப்போச்சே"ங்கிறான். எவ்வளவு கெட்ட மனசு பாருங்க. கடைசியில 'தனி'ன்னு முடிவாச்சு. தாள வாத்தியக்காரங்க தனியா வாசிக்கிறத தனி ஆவர்த்தனம்பாங்க, அதுல இருந்து எடுத்தது. மூணு பேருக்கும் உடனே பிடிச்சுப் போச்சு. எப்பவும் இல்லாத ஒற்றுமை.

ரெண்டாவது கூட்டத்துக்கு பிரகதாம்பாள் டீச்சர் வந்தாங்க. புதுக்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர், கொன்னக்கோல் சொல்லுவாங்க. எங்களோட நெறைய மேடையில எனக்கு அடுத்து உக்காந்திருக்காங்க. "எனக்கும் இடம் உண்டா சார்?"ன்னு கேட்டாங்க. நான் மரியாதையாத்தான் சொன்னேன். "டீச்சர், இது வாத்தியக்காரங்க பத்திரிகை. உங்க வாத்தியம் எங்க இருக்கு?" அவங்க சிரிச்சுக்கிட்டு வாயக் காட்டினாங்க. "என்னோடதும் வாயிலதான் இருக்கு, ஆனா இரும்பு டீச்சர்"னேன். அப்புறம் மனசு கேக்கல. ஒரு ஓரத்துல இருந்துட்டுப் போகட்டும், கடைசிப் பக்கம் ஒண்ணு குடுப்போம்னு நான்தான் பரிந்து பேசினேன். நமக்குத் தெரியாதா, ஓரத்துல உக்கார்றவன் கஷ்டம்? டீச்சரும் சரின்னுட்டாங்க. அச்சகத்துக்குப் போறது, பிழை திருத்துறது, இதையெல்லாம் அவங்களே பாத்துக்கிறேன்னாங்க. பாத்துக்கட்டும்னோம்.

மொத்தம் அறுபத்திநாலு பக்கம்னு திட்டம். அம்பலவாணண்ணன் கஞ்சிராவப் பத்தி இருபது பக்கம் எழுதிட்டு வந்தாரு. பாதி கஞ்சிரா, மீதி அவரு. சபேசன் கடத்தப் பத்தி இருபது. நான் மோர்சிங்கப் பத்தி இருபது. என் கட்டுரையில நான் ரொம்பக் கம்மியாத்தான் வருவேன், பக்கத்துக்கு ஒரு நாலஞ்சு எடத்துல. மாத்தி மாத்திப் படிச்சோம். ஆளுக்கு ஆளு 'பேஷ்'னோம். அதோட அச்சுக்குக் குடுத்திருக்கணும். அங்கதான் தப்பு நடந்துச்சு. இந்தத் தப்ப உலகத்துல வேற எந்தப் பத்திரிகைக்காரனும் பண்ணியிருக்க மாட்டான்.

தனி ஆவர்த்தனத்துல குறைப்புன்னு ஒரு கட்டம் உண்டு தம்பி. முதல்ல ஒருத்தர் முழுசா வாசிப்பாரு, அடுத்தவன் அதே அளவு. அப்புறம் அவரு பாதியாக் குறைப்பாரு, இவனும் பாதி. அதுலயும் பாதி, இவனும் பாதி. இப்படியே வேகமா மாத்தி மாத்தி, கடைசியில ஆளுக்கு ஒரு தட்டு. ஜனங்க அப்பத்தான் கை தட்டுவாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அம்பலவாணண்ணன் என்ன பண்ணாரு, அவரோட கட்டுரையப் பத்துப் பக்கமாக் குறைச்சுட்டு வந்து என் முன்னால வச்சாரு. வச்சுட்டு என்னயப் பாத்தாரு. கண்ணக் காட்டினாரு தம்பி! யாரும் குறைக்கச் சொல்லல. ஆனா கண்ணக் காட்டினா என்ன பண்றது? நானும் பத்தாக்கினேன். சபேசனும் பத்து. அடுத்த வாரம் அஞ்சு, அஞ்சு, அஞ்சு. அதுக்கடுத்த வாரம் ஒரு பக்கம். அப்புறம் ஒரு பத்தி. ஒவ்வொரு வாரமும் கூட்டம் சூடு பிடிக்குது, தொடையில தட்டிக்கிறோம், "அடடா அடடா"ங்கிறோம். கடைசி ஞாயித்துக்கிழமை அண்ணன் பேப்பர நீட்டினாரு, அதுல 'கஞ்சிரா'ன்னு ஒரே சொல்லு. நான் 'மோர்சிங்'னு எழுதினேன். சபேசன் 'கடம்'னு எழுதினான். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

பிரகதாம்பாள் டீச்சர் மூணு துண்டுச் சீட்டையும் கையில வச்சுக்கிட்டு, "சார், பத்திரிகை எங்க?"ன்னாங்க.

குறைப்பு முடிஞ்சா எல்லாரும் சேந்து கோர்வை வாசிக்கணும். அதான் முறை. சேந்து உக்காந்து ஒரு கட்டுரை எழுதினோம், உப பக்கவாத்தியத்தோட பெருமையப் பத்தி, அஞ்சு பக்கம். அத மூணு தடவை அச்சடிக்கச் சொன்னோம். டீச்சருக்குத் தெரியாதா என்ன, கோர்வைன்னா மூணு தடவைதான் வாசிக்கணும். "மேடையில சரி சார், புத்தகத்துலயுமா?"ன்னு கேட்டாங்க. "ஒரு தடவையோட நிறுத்தினா அந்தரத்துல நிக்காதா?"ன்னாரு அம்பலவாணண்ணன். மூவஞ்சு பதினஞ்சு, டீச்சரோட பக்கம் ஒண்ணு, பதினாறு. அச்சுல ஒரு பாரம்னா பதினாறு பக்கம், சரியா வருதுன்னு கணக்கு டீச்சரே ஒத்துக்கிட்டாங்க.

அட்டைக்கு ஃபோட்டோ எடுத்தோம். மூணு பேரும் ஜிப்பா போட்டு, ஜமக்காளத்துல வாத்தியத்தோட உக்காந்தோம். ஃபோட்டோக்காரர் பாத்தாரு, முன்னால போனாரு, பின்னால போனாரு. "இன்னும் யாரும் வரணுமா சார்?"ன்னாரு. இல்லையேன்னோம். "நடுவுல ஏன் ஒரு ஆளு எடம் விட்டிருக்கீங்க?" குனிஞ்சு பாத்தா நெசந்தான். அந்த வாத்தியத்துக்கு எடம் விட்டே உக்காந்திருக்கோம்! நெருங்கி உக்காந்து பாத்தோம், தோளு தோளு இடிச்சு கை ஓடல. அப்படியே எடுங்கன்னுட்டோம். அட்டையில நட்டநடுவுல ஜமக்காளத்துப் பூ நல்லா விழுந்திருக்கு.

அதுல என் முகத்தப் பாத்தேன் தம்பி. வாசிக்கிற மாதிரி போஸ் குடுத்தேன்ல, கை வாயை மறைச்சு, மூக்க மறைச்சு, ஒரு கண்ணு மட்டும் தெரியுது. என்னோட சொந்தப் பத்திரிகையிலயும் முகம் இல்ல! நானா யாரு தயவும் இல்லாம நேரா அச்சகத்துக்குப் போனேன். எனக்காக இல்ல, பாருங்க, வாசகர்களுக்கு ஒரு முகம் வேணும்ல. கடைசிப் பக்கத்த எடுத்துட்டு என்னோட ஃபோட்டோவ முழுப் பக்கம் போடச் சொன்னேன். வாத்தியம் இல்லாம, நெத்தியில விபூதியோட எடுத்தது. கீழ பேரு. அச்சகத்துப் பொண்ணு, "இதுல ஒரு கட்டுரை இருக்கே சார், படிச்சுப் பாத்துட்டு எடுக்கலாமே"ன்னுச்சு. "கொன்னக்கோல்தானேம்மா, அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்"னேன். எனக்கு அன்னிக்கு வேற வேலை இருந்துச்சு.

வெளியீட்டு விழா வைக்கலாம்னா யாரு வரவேற்புரை ஆரம்பிக்கிறதுன்னு முடிவாகல. அதனால தபால்ல அனுப்பிட்டோம்.

தபால் போய்ச் சேந்த மறுநாள் காலையில கதவத் தட்டுற சத்தம். திறந்தா லால்குடியில இருந்து என் மச்சான், மாலையோட நிக்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருக்கு. என்னயப் பாத்ததும் அவனுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. மாலைய என் கழுத்துலயே போட்டுட்டான். கடைசிப் பக்கம், ஒத்த ஃபோட்டோ, விபூதி, கீழ பேரு. வேற ஒரு சொல்லு இல்ல. எல்லாரும் கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சுட்டாங்க தம்பி! எதுத்த வீட்டுல சமைக்கவே இல்ல. ஒரு சபா செயலாளர் ஃபோன் பண்ணி, "பெரிய இழப்பு, காரியம் என்னிக்கு?"ன்னாரு. "நான்தான் பேசுறேன்"னேன். டைரியப் பொரட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "ரொம்ப சந்தோஷம். ஆனா அடுத்த மாசக் கச்சேரிக்கு வேற ஆளச் சொல்லியாச்சு, இனிமே மாத்த முடியாது"ன்னுட்டாரு. செத்தாலும் எடத்த உடனே ரொப்பிர்றாங்க பாருங்க.

ஒரே ஒருத்தர்தான் பத்திரிகையப் படிச்சுட்டுப் பேசினாரு. நாகசுந்தரம். அந்த வாத்தியக்காரர். "தியாகேசா, மூணு தடவையும் விடாமப் படிச்சேன். மூணாவது தடவை சுகமா சமத்துல வந்து விழுந்துச்சு"ன்னாரு. சமம்னா தாளம் தொடங்குற எடம் தம்பி. அவரு ஒருத்தருக்குத்தான் புரிஞ்சிருக்கு. அது இன்னும் எரிச்சலா இருந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் சபேசன் வந்தான். மாலை ஆணியில தொங்குது, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். "அண்ணே, டீச்சர் எழுதின பக்கத்தப் படிச்சீங்களா?"ன்னான். "கொன்னக்கோலப் பத்தி நான் ஏன்டா படிக்கணும்?" "கொன்னக்கோலா? அது உங்களப் பத்திண்ணே. எனக்கு முன்னாடியே காட்டினாங்க."

என்னயப் பத்தி தம்பி. ஒரு முழுப் பக்கம். குளித்தலையில ஒரு கோயில் கச்சேரி. எங்க தனி நடக்கிறப்ப கரண்டு போயிருச்சு, மைக் செத்துப் போச்சு. என்னோட முறை. எல்லாரும் நிறுத்திட்டாங்க, நான் நிறுத்தல. எனக்கு ஞாபகமே இல்ல தம்பி அது. மைக் இல்லாட்டி மோர்சிங் நாலடி தாண்டாது. கூட்டத்துல ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. பக்கத்துல உக்காந்திருந்த டீச்சருக்குக் கேட்டிருக்கு. ஒவ்வொரு சுத்துலயும் நான் என்ன வாசிச்சேன், எங்க மூச்சு விட்டேன், எங்க வேணும்னே ஒரு தட்டு விட்டேன், எல்லாத்தையும் எழுதியிருக்காங்களாம். 'மைக் இல்லாத மோர்சிங்கக் கேட்டது நான் ஒருத்தி மட்டும்தான், அத யாருக்காவது சொல்லியாகணும்'னு முடிச்சிருந்தாங்கன்னு சபேசன் சொன்னான்.

அழுதுட்டேன். வீட்டுக்காரி மாலையப் பாத்துதான் அழுவுறேன்னு நெனச்சுக்கிட்டா. முப்பது வருஷமா கேட்ட பக்கம், நானே போயி, ஆளு வச்சு எடுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். சரி, என்னோட தப்புன்னு சொல்லுவீங்க. அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? 'சார், இது உங்களப் பத்தி'ன்னு? சொல்ல மாட்டாங்க. சில பேருக்கு அப்படி ஒரு அழுத்தம்.

ஃபோன் பண்ணேன். அந்தப் பக்கத்த அனுப்புங்க டீச்சர்னேன். "அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்னு நீங்கதானே சார் அச்சகத்துல சொன்னீங்க?"ன்னாங்க. கோபமே இல்ல குரல்ல. அதான் பயமா இருந்துச்சு. அடுத்த இதழ் எங்க வருது? மூணு பேரும் யாராவது ஆரம்பிக்கட்டும்னு உக்காந்திருக்கோம். அத அவங்ககிட்ட சொன்னேன். "நான் ஆரம்பிக்கிறேன் சார். உங்க பக்கம் அப்படியே வரும். எதுத்த பக்கத்துக்கு மட்டும் ஒண்ணு வேணும். நான் கொன்னக்கோல் எப்படிச் சொல்றேன்னு நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க"ன்னாங்க. அவ்வளவுதானா, ராத்திரிக்குள்ள அனுப்புறேன்னேன்.

உக்காந்தேன் தம்பி. பேனாவத் திறந்தேன். ஒண்ணும் வரல. எத்தனை மேடை! எனக்கு அடுத்த முறை அவங்களுதுதான், அந்த நேரத்துல நான் என்ன பண்ணிக்கிட்டிருப்பேன்? சுருதி சரி பண்ண கம்பியில மெழுகு வச்சுக்கிட்டிருப்பேன். இல்லாட்டி சபேசன் காதுல, இப்ப நான் வாசிச்சது எப்படிடான்னு கேட்டுக்கிட்டிருப்பேன். தகதிமி தவிர ஒரு சொல்லு எனக்கு ஞாபகம் இல்ல. அவங்க குரல் கனமா, மெல்லிசா, அதுகூடச் சொல்லத் தெரியல. சபேசனுக்கு ஃபோன் போட்டேன். "நீங்க என் காதுல பேசிக்கிட்டிருந்தீங்கண்ணே, நான் எங்க கேக்குறது?"ங்கிறான்.

அதான் புதுக்கோட்டைக்குப் போறேன். சாயங்காலம் கோயில் மண்டபத்துல கச்சேரி, டீச்சர் கொன்னக்கோல். நான் கீழ, ஜனங்களோட உக்காரணும். மூணு மணி நேரம் கச்சேரி, அதுல அவங்களுக்கு விழுறது ஒரு அஞ்சு நிமிஷம் இருந்தா அதிகம். அது எப்ப வரும்னு தெரியாது, வந்தா தவற விடக்கூடாது. அந்த அஞ்சு நிமிஷம் நான் வாயத் திறக்கக்கூடாது. அதுதான் கவலையா இருக்கு. கீரனூர் தாண்டியாச்சு போலிருக்கே. தம்பி, உங்களுக்குச் சாயங்காலம் பெரிய வேலை எதுவும் இல்லன்னா கூட வாங்களேன். பாட்டெல்லாம் கேக்க வேணாம், நீங்க தூங்குங்க. அவங்க ஆரம்பிக்கிறப்ப மட்டும் உங்களத் தட்டி எழுப்புறேன். எழுந்து என் வாயைப் பொத்திப் பிடிச்சுக்கங்க.